நீங்கள் எப்போது பாடுவீர்கள்?

கேள்வி: காலையில் பஸ்ஸில் கோட்டைக்கு வேலைக்குச் செல்லும்போது கைபேசியில் தேவாரமும் சில நாட்களில் சினிமாப் பாட்டும் கேட்கிறேன். மனம் மகிழ்கிறது. இது பக்தியா, வெறும் பொழுதுபோக்கா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பக்திதான், மகிழ்ச்சியைப் பக்திக்குப் புறம்பானதென்று நம் முன்னோர் எண்ணியதில்லை. ஆனால் 'கேட்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் உங்களோடு வாதாட விரும்புகிறேன். நீங்கள் எப்போது பாடுவீர்கள்?

கரைவலை இழுக்கும் மீனவர் அம்பா என்னும் தொழிற்பாட்டைப் பாடியது பிறர் கேட்டு ரசிப்பதற்காக அன்று. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடினால்தான் அத்தனை கைகளும் ஒன்றாகக் கயிற்றை இழுக்கும். யாழ்ப்பாணத்துச் சைவ மரண வீடுகளில் உரலில் சுண்ணம் என்னும் வாசனைப்பொடி இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் பாடுவதை அறிந்திருப்பீர்கள். திருவாசகத்தில் அது ஒப்பாரி அன்று. இறைவன் நீராடுவதற்குப் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்கள் களிப்போடு பாடும் 20 பாடல்கள். பிரிவுத் துயரின் நடுவே, இறந்தவரின் இறுதி நீராட்டுக்கு அந்தக் களிப்பையே எடுத்து வைத்தவர்கள், வாழ்வையும் சாவையும் பற்றித் தாம் நம்பியதை விளக்கிச் சொல்லவில்லை, பாடினார்கள். அழுதழுது குரல் கம்மியவர்களும் உலக்கையின் தாளத்தோடு சேர்ந்து பாடுவதை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். இன்று கொழும்பு மலர்ச்சாலைகளில் அதை ஒலிப்பதிவு பாட, நாம் கதிரைகளில் வரிசையாக அமர்ந்திருக்கிறோம்.

கத்தோலிக்க மக்கள் இதில் எதிர்த்திசையில் நடந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம், திருப்பலியில் லத்தீனுக்கு அருகே தாய்மொழிக்கும் இடமளித்து, மக்கள் எல்லோரும் சேர்ந்து பாடுவதையும் வலியுறுத்தியது. நாமோ, ஐந்து திருமுறைப் பாடல்களாகிய பஞ்சபுராணம் ஓத அடியார்களை அழைக்கும் நல்ல வழக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அதை ஒலிபெருக்கியிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கிறோம்.

இதை முன்பும் இப்பகுதியில் எழுதினேன். குரல்வளம் இல்லாதவர் பாடினால் வழிபாட்டின் அழகு கெடும் என்று கோயில் நிருவாகத்தினர் ஒருவர் அப்போது மறுப்பு அனுப்பினார். அந்த மறுப்பை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அப்பரின் முதல் பதிகம் சூலை நோயால் துடித்த ஒருவரின் வாயிலிருந்து எழுந்தது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அந்தப் பதிகத்திலேயே அவர், நீரையும் பூவையும் தூபத்தையும் மறந்ததில்லை என்று சொல்லி, 'தமிழோடு இசைபாடல் மறந்தறியேன்' என்றும் சேர்த்துச் சொல்கிறார். பூவை நம் கையால் இடுகிறோம். பாட்டை மட்டும் ஏன் இயந்திரத்திடம் விடவேண்டும்?

ஆகவே சகோதரி, பஸ்ஸில் தாராளமாகக் கேளுங்கள். அந்தத் தேவாரத்தில் ஒன்றை மனனம் செய்து, வரும் வெள்ளிக்கிழமை பஞ்சபுராண வேளையில் முன்னே சென்று பாடுங்கள். கோயில் நிருவாகத்தினரும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஒலிப்பதிவை நிறுத்தி, பாட வருகின்ற பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கவேண்டும் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.