எக்ஸ்ரே உரிமம் யார் பெயரில்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓய்வு பெறும் மூத்த பல் மருத்துவர் ஒருவரிடமிருந்து அவருடைய கிளினிக்கை, நாற்காலி, எக்ஸ்ரே கருவி உட்பட அப்படியே விலைக்கு வாங்கியிருக்கிறேன். சுவரில் மாட்டியிருக்கும் எக்ஸ்ரே உரிமத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன. அது முடியும்வரை அதை வைத்தே கருவியை இயக்கலாமா?
— இளம் பல் மருத்துவர், கும்பகோணம்

பதில்: இயக்கக் கூடாது. அந்த உரிமம் கருவிக்கு மட்டும் கொடுக்கப்பட்டதன்று. இன்ன நிறுவனம், இன்ன இடத்தில், இன்ன கருவியை இயக்கலாம் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டிய அனுமதி அது. உரிமையாளர் மாறிய அன்றே அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. கட்டடத்தையும் நாற்காலியையும் போல உரிமத்தையும் கிரயத்தில் சேர்த்து எழுதிக்கொள்ள முடியாது.

1971-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளுக்குப் பதிலாக 2004-இல் புதிய விதிகள் வந்தபோது, இந்தப் பொறுப்பு யாருடையது என்பது முன்னைவிடத் தெளிவாக வரையறுக்கப்பட்டது. கருவியால் விளையக்கூடிய ஆபத்தின் அளவுக்கேற்ப அனுமதிகள் வகைப்படுத்தப்பட்டன; கருவியை வைத்து வேலை வாங்கும் முதலாளிக்கும், பாதுகாப்பு அலுவலருக்கும், பணியாளருக்கும் தனித்தனிக் கடமைகள் எழுதப்பட்டன. சிறிய கிளினிக்கில் இந்த மூவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் என்பதால், உங்களைப் போன்றவர்களுக்கு இது வெறும் காகித வேலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இப்போது அந்தக் காகிதமும் குறைந்துவிட்டது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் உங்கள் கிளினிக்கை உங்கள் பெயரில் பதிவு செய்து, கருவியின் விவரங்களையும் தர உறுதிச் சோதனை அறிக்கையையும் ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய மருத்துவர் தம் கணக்கிலிருந்து அந்தக் கருவியை விடுவிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர் மகன் வீட்டுக்கு வெளிநாடு போய்விட்டால் கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஆகவே மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள். புதிய உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். தர உறுதிச் சோதனையை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், பெரிய பழுது பார்த்த பிறகும் செய்ய வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் வாயில் ஃபிலிமை மருத்துவரே விரலால் பிடித்துக்கொண்டு, கால் பொத்தானையோ உதவியாளரையோ நம்பி எக்ஸ்ரே எடுக்கும் பழக்கம் சில பழைய கிளினிக்குகளில் இன்னும் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என்றாலும் அந்த ஒரே விரல்தான் பத்து முறையும் நேர்க்கதிரில் நிற்கிறது. ஃபிலிம் பிடிப்பானைப் பயன்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் நோயாளியே பிடித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ரேடியோகிராஃபராகப் பணிபுரிகிறேன், இரண்டு மாதக் கர்ப்பம். மேலாளரிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜை ஈய ஏப்ரனுக்கு வெளியே அணிந்தால் குழந்தைக்குச் சேரும் அளவு சரியாகத் தெரியுமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் சொல்லிவிடுங்கள், அதுவும் எழுத்தில். நீங்கள் அறிவித்த பிறகுதான் கருவுக்கான தனி வரம்பு நடைமுறைக்கு வருகிறது. கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது. கருவுக்கோ எஞ்சிய கர்ப்ப காலம் முழுமைக்கும் 1 மில்லிசீவர்ட்தான். அறிவித்ததைக் காரணமாக வைத்து வேலையிலிருந்து விலக்கக் கூடாது என்பதும் பாதுகாப்பு நெறிமுறையில் உள்ளதே. செய்ய வேண்டியது பணியை மாற்றித் தருவது: தொடர்ந்து கதிர் பாய்ச்சித் திரையில் பார்க்கும் சி-ஆர்ம், ஃப்ளூரோஸ்கோபி அறைகளைத் தவிர்த்து, தடுப்புக்குப் பின்னால் நின்று இயக்கும் பொது எக்ஸ்ரே வேலையைக் கொடுக்கலாம்.

பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு மட்டத்தில் அணிய வேண்டும். அதற்குள் இருக்கும் கார்டில் மூன்று சிறு வட்டுகள் உள்ளன. டிஸ்ப்ரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட்டால் ஆனவை. அவை வாங்கிய கதிர்வீச்சைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஆய்வகத்தில் சூடாக்கும்போது ஒளியாக வெளிவிடுகின்றன. அந்த ஒளியை அளந்துதான் மூன்று மாதத்துக்கான உங்கள் கணக்கு எழுதப்படுகிறது. பேட்ஜ் தான் எங்கே இருந்ததோ அந்த இடத்தின் கணக்கைத்தான் சொல்லும்; உங்களைப் பற்றி அதற்குத் தனியாக எதுவும் தெரியாது. ஒரு மருத்துவமனையில் நான் பார்த்தது இது: ஏப்ரனைக் கழற்றி அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டும்போது பேட்ஜும் அதிலேயே தொங்கும். பணியாளர் விடுப்பில் இருந்த வாரங்களிலும் அது கதிர்வீச்சை வாங்கிக்கொண்டே இருந்தது. காலாண்டு அறிக்கை 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டி வந்து, விசாரணை நடந்து, அந்தப் பெண் விளக்கக் கடிதம் எழுதி, உண்மையில் அது அவர் வாங்கிய அளவே அன்று என்று நிறுவுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேலை முடிந்ததும் பேட்ஜைக் கதிர்வீச்சு இல்லாத இடத்தில், யாரும் அணியாமல் ஒப்பீட்டுக்காக வைக்கும் கட்டுப்பாட்டு பேட்ஜுடன் வையுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஸ்கேன் சென்டர் வந்திருக்கிறது. எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே எக்ஸ்ரே அறை. இரவெல்லாம் கதிர்வீச்சு மேலே ஏறி வருமா?
— இல்லத்தரசி, மதுரை

பதில்: இரவில் வராது. பொத்தானை அழுத்தும் அந்த நொடிப் பொழுதுக்குத்தான் எக்ஸ்ரே பிறக்கிறது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறையில் தங்காததைப் போல இதுவும் தங்குவதில்லை. பகலில் வரக்கூடியதைத் தடுக்கத்தான் சுவரும் கூரையும். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் நமக்கு வந்துகொண்டிருக்கிறது, மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அதைவிடக் கூடுதலாக. எக்ஸ்ரே அறைக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவரோ அதற்கு ஈடான தடுப்போ இருக்க வேண்டும்; உங்கள் கவலைக்கு முக்கியமானது கூரைத் தளத்தின் கனம். வரைபட ஒப்புதலும் உரிமமும் இருக்கின்றனவா என்று குடியிருப்போர் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். உரிமம் இருந்தும் ஐயம் தீரவில்லை என்றால், உங்கள் படுக்கையறைத் தரையில் சர்வே மீட்டரை வைத்து, கீழே கருவி இயங்கும்போது அளந்து காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். நேர்மையான நிறுவனம் இதற்குத் தயங்காது.

கேள்வி: எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் கருவிகளுக்கும் இந்த வாரியத்தின் உரிமம் வேண்டுமா?
— மாணவர், வேலூர்

பதில்: வேண்டாம், இரண்டிலும் எக்ஸ்ரே போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை. அல்ட்ராசவுண்டுக்குப் பதிவு கேட்பது வேறு சட்டம். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் வந்தது அது.

கேள்வி: ஓடாத பழைய எக்ஸ்ரே கருவி ஒன்று எங்கள் நர்சிங் ஹோமில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. காயலான் கடைக்குப் போடுவதற்கும் அனுமதி கேட்கிறார்களே, இது அதிகப்படி இல்லையா?
— மருத்துவமனை நிர்வாகி, ஈரோடு

பதில்: உங்கள் எரிச்சல் புரிகிறது. எக்ஸ்ரே கருவிக்குள் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. மின்சாரம் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புதான். ஆனாலும் அனுமதி கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட காமா கருவி, 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு ஏலத்தில் போயிற்று. மாயாபுரி காயலான் சந்தையில் அதைப் பிரித்தவர்கள் ஏப்ரலில் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். ஏலம் போட்டவருக்கும் எடுத்தவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. எது வெறும் இரும்பு, எது அன்று என்பதைக் காயலான் கடையில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால்தான், கணக்கில் ஏறிய ஒவ்வொரு கருவியும் கணக்கிலிருந்து முறையாக இறங்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் கருவியில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது: அதை வாங்குபவர் பழுது பார்த்து, உரிமம் இல்லாமல் எங்காவது இயக்கத் தொடங்கலாம். ஆகவே இ-லோராவில் செயல்நீக்கத்துக்கு விண்ணப்பித்து, கருவியை விற்ற நிறுவனத்தின் ஆளை வரவழைத்து, குழாயை மீண்டும் பயன்படாதபடி செய்யச் சொல்லுங்கள். உறைக்குள் இருக்கும் எண்ணெயையும் ஈயத்தையும் தனியாக எடுத்துவிட்ட பிறகு, மிச்சத்தை எடைக்குப் போடலாம்.