போர்ட் பூட்டைப் பிடித்துக்கொண்டு அச்சிடாதீர்கள்

வணக்கம்.

16550 வகை சிப்புக்கு லினக்ஸில் ஒரு சீரியல் டிரைவர் எழுதியிருக்கிறேன். கெர்னல் தன் செய்திகளை அச்சிடும் கன்சோலும் அதே போர்ட்தான். சாதாரணமாகத் தட்டச்சு செய்தால் பிரச்சினை இல்லை. கெர்னல் செய்திகள் ஓடிக்கொண்டிருக்கும்போது நீளமான உரையை அனுப்பினால் சில சமயம் இயந்திரம் அப்படியே உறைந்துவிடுகிறது. பைட்டுகள் தவறினால் தெரியட்டும் என்று இன்டரப்ட் ஹேண்ட்லரில் (சிப் கூப்பிட்டதும் ஓடும் செயற்கூறு) ஒரு பிரிண்ட்கே (கெர்னல் செய்தியை அச்சிடும் அழைப்பு) வைத்திருக்கிறேன். கன்சோலுக்கு எழுதும் இடத்தில் ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) நீக்கிவிட்டால் உறைவது நின்றுவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா? இல்லை, மியூட்டெக்ஸ் வகைப் பூட்டாக மாற்ற வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பூட்டை நீக்காதீர்கள். நீக்க வேண்டியது அந்த பிரிண்ட்கேயைத்தான்.

நடப்பது இது. ஹேண்ட்லர் போர்ட்டின் பூட்டைப் பிடித்திருக்கிறது. அந்த நிலையில் பிரிண்ட்கேயை அழைக்கிறீர்கள். அது கன்சோலுக்கு எழுதப் போகிறது. கன்சோலோ அதே போர்ட், எழுத அதே பூட்டைக் கேட்கிறது. பிடித்திருப்பவரே மறுபடி கேட்டால் ஸ்பின்லாக் கிடைக்காது. அந்த சிபியு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சில சமயம் மட்டும் ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 115200 பாட் வேகத்தில் ஒரு பைட் போக ஏறக்குறைய 87 மைக்ரோவினாடி ஆகிறது. 80 எழுத்துள்ள ஒரு செய்தி வெளியே போக 7 மில்லிவினாடி. அவ்வளவு நேரமும் கன்சோல் பூட்டைப் பிடித்து, இன்டரப்ட்டையும் அணைத்து வைத்திருக்கிறது. உள்ளே வரும் பைட்டுகளுக்கு சிப்பில் இடம் 16தான், அது 1.4 மில்லிவினாடியில் நிரம்பிவிடும். கையால் தட்டினால் நிரம்பாது, நீளமான உரையை அனுப்பினால் நிரம்பும். நிரம்பினால் பைட் தவறும், தவறினால் உங்கள் பிரிண்ட்கே ஓடும், இயந்திரம் உறையும்.

சரி, பூட்டை நீக்கினால் உறைவது நிற்கிறதே என்றால், நிற்கும்தான். ஆனால் அந்தப் பூட்டு காத்துக்கொண்டிருந்த ரெஜிஸ்டர்கள் (சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்கள்) இப்போது திறந்து கிடக்கின்றன. 16550-ல் ஒரே முகவரிக்கு இரண்டு பொருள் உண்டு. லைன் கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் 7-ஆவது பிட் 0 ஆக இருந்தால், அங்கே எழுதும் பைட் வெளியே போகும். 1 ஆக இருந்தால் அது பாட் வேகத்துக்கான வகுஎண்ணில் போய் உட்காரும். ஒரு சிபியு வேகத்தை மாற்றும் நடுவில் இன்னொரு சிபியு பூட்டில்லாமல் ஓர் எழுத்தை எழுதினால், வேகமே குப்பையாகிவிடும். இன்டரப்ட் எனேபிள் ரெஜிஸ்டரிலும் இதே ஆபத்து: கன்சோல் பழைய மதிப்பைப் படித்து வைத்து, அணைத்து, எழுதி முடித்ததும் திரும்பப் போடுகிறது. இடையில் வேறு சிபியு, 'அடுத்த எழுத்தை அனுப்பலாம்' என்று சொல்லும் இன்டரப்ட்டை இயக்கியிருந்தால் அது அழிந்துவிடும். மீதி எழுத்துகள் பஃபரிலேயே தேங்கி நிற்கும். உறைந்த இயந்திரமாவது உடனே கண்ணில் படும். இந்த மாதிரிப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மியூட்டெக்ஸ் இங்கே ஆகாது. அது கிடைக்காதபோது அழைத்தவரைத் தூங்க வைக்கும். இன்டரப்ட் ஹேண்ட்லர் தூங்கக் கூடாது. போர்ட்டைத் திறப்பது, மூடுவது போன்ற மெதுவான வேலைகளுக்குத் தனியாக ஒரு மியூட்டெக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம், தவறிய பைட்டை எப்படித் தெரிந்துகொள்வது? போர்ட் அமைப்பில் (ஸ்ட்ரக்ட்) ஓவர்ரன் எண்ணி, அதாவது இடம் நிரம்பி பைட் தவறியதை எண்ணும் புலம், இருக்கிறது, அதைக் கூட்டுங்கள். டிடிஒய் பஃபருக்கு (வந்த பைட்டுகள் படிக்கப்படக் காத்திருக்கும் இடம்) ஓவர்ரன் கொடியையும் அனுப்புங்கள். சரியாக இந்த இடத்திலேயே விரிவாகப் பார்க்க வேண்டுமென்றால் டிரேஸ்_பிரிண்ட்கே போடுங்கள். அது கன்சோல் பக்கம் போகாமல் நினைவகத்தில் எழுதிவிடும்.

சிஸ்ஆர்க்யூ விசையிலும் (கெர்னலுக்கு நேரடியாக அவசரக் கட்டளை தரும் விசை) இதே சிக்கல் உண்டு. அது நிறைய அச்சிடும். அதனால் ஹேண்ட்லருக்குள் எழுத்தைக் குறித்து மட்டும் வைத்து, பூட்டை விட்ட பிறகு செயல்படுத்தும் துணைச் செயற்கூறுகள் கெர்னலின் பொதுவான சீரியல் பகுதியான சீரியல் கோரிலேயே இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்துங்கள். கெர்னல் விழும் நேரத்தில் மட்டும் கன்சோல், போர்ட்டின் பூட்டை 'முயன்று' பார்க்கலாம், கிடைக்காவிட்டாலும் எழுதலாம். கடைசிச் செய்தி வெளியே வருவதுதான் அப்போது முக்கியம்.

இன்னொன்று. 6.7 கெர்னலிலோ அதற்குப் பின்னாலோ இருந்தால், ஸ்பின்லாக்கை நேரடியாகப் பிடிக்காமல் யுஆர்ட்_போர்ட்_லாக் வகை உறைச் செயற்கூறுகளை (ரேப்பர்) அழையுங்கள். கன்சோல் அச்சிடும் முறை மாறிவருகிறது. பூட்டோடு சேர்த்துக் கன்சோலின் உரிமையையும் வாங்கும் வேலை அந்த உறைச் செயற்கூறுகளுக்குள்தான் நடக்கிறது.