வாத்தியார் பதில்கள்: கடைசிப் பத்து நிமிடம்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பூர்வகுடி மக்களின் அறிவையும் பாடத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். பாடம் முடிந்ததும் ஒரு கதையாகச் சொல்கிறேன். பிள்ளைகள் ரசித்துக் கேட்கிறார்கள். ஆனால் அறிவு என்று எடுத்துக்கொள்வதில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: பாடம் முடிந்ததும் சொல்கிறீர்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான். நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். மணி அடிப்பதற்குள் பத்து நிமிடம், ஒரு கதை. ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அப்ப அவங்களுக்கு இதெல்லாம் தற்செயலா தெரிஞ்சுதா சார்?" எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவன் வேறென்ன நினைப்பான்?

அப்புறம் பாடத்தையே அங்கிருந்து ஆரம்பித்தேன். வைட்டமின் பாடமா? 1861-க்குப் போய்விடுவேன். ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்துவிட்டுத் திரும்பிய பர்க், வில்ஸ், கிங் என்ற ஐரோப்பியப் பயணிகள் மூவரும் கூப்பர் ஓடைக்கரையில் உணவு தீர்ந்து மாட்டிக்கொண்டார்கள். அங்கே வாழும் யாண்ட்ருவந்தா மக்கள் நார்டூ என்ற பெரணி வகைச் செடியிலிருந்து மாவு எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்து இவர்களும் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தது, உடம்பு தேய்ந்தது. வில்ஸே தன் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். அவரும் பர்க்கும் இறந்துபோனார்கள். யாண்ட்ருவந்தா மக்களிடம் அடைக்கலமான கிங் பிழைத்துக்கொண்டார்.

இவ்வளவு சொல்லிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். ஒரே செடி, அவர்களுக்கு உணவு, இவர்களுக்கு எமன். ஏன்? பீரியட் முழுக்க வகுப்பு மண்டையை உடைத்துக்கொள்ளும். நார்டூவில் உள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். யாண்ட்ருவந்தா மக்கள் வறுத்து, நிறைய நீர் விட்டு அரைக்கிற முறையில் அதன் வீரியம் அடங்கிவிடும். வந்தவர்கள் உணவைப் பார்த்துக்கொண்டார்கள், பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. பி1 குறைபாடுதான் அவர்களைச் சாய்த்திருக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நிலநடுக்கப் பாடத்துக்கு இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு. 1907-இல் வந்த பேரலையை அந்த மக்கள் 'ஸ்மோங்' என்று பெயரிட்டுத் தாலாட்டில்கூடப் பாடி வைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004-இல் ஓடினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

இன்னொன்று, பரீட்சையிலும் இதைக் கேளுங்கள். மதிப்பெண் இல்லாததெல்லாம் பிள்ளைகளுக்குக் கதைதான்.

கேள்வி: நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை. அவர்கள் அறிவை நான் சொல்லித்தருவது சரியா?

பதில்: பித்தாகரஸைச் சொல்லித்தர நீங்கள் கிரேக்கராகவா பிறந்தீர்கள்? தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பித்தாகரஸிடம் அனுமதி கேட்க வழியில்லை, இவர்களிடம் கேட்கலாம். சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்கிற மக்கள் வட அமெரிக்காவில் இருக்கிறார்கள். சில விஷயங்கள் வெளியாருக்கே இல்லை. சொல்ல மாட்டேன் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள்.

'வாழ்ந்தார்கள்' என்று எழுதிப்போடாதீர்கள், 'வாழ்கிறார்கள்'. அந்த மக்களில் மூத்தவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்தால், மற்றச் சிறப்புப் பேச்சாளருக்குத் தரும் அதே தொகையை அவருக்கும் கொடுங்கள். கைதட்டி அனுப்பிவிடுகிற வழக்கம் எங்கள் பள்ளியிலும் இருந்தது.