கத்தி தேய்த்தல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

3 மி.மீ. கன எஃகுப் பட்டையில் கத்தி செய்யப் பழகுகிறேன். பெல்ட் கிரைண்டரில் 60 கிரிட் (கரடுமுரடான மணல்) பெல்ட். வாயை (வெட்டும் விளிம்பை) நோக்கி மெலியும் சரிவு இடப்பக்கம் ஒழுங்காக வருகிறது. வலப்பக்கம் மேடும் பள்ளமும். நுனி எப்போதும் மெலிந்துபோகிறது. கோணம் மாறாமல் பிடிக்க மணிக்கட்டுக்கு ஏதும் பயிற்சி உண்டா? இல்லை, கத்தியை ஒரே கோணத்தில் பிடித்துத்தரும் ஜிக் வாங்கிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மணிக்கட்டை விடுங்கள். 30 மி.மீ. அகலக் கத்தியில், வாயில் 0.6 மி.மீ. கனம் விட்டு முதுகுவரை தேய்த்தால் ஒரு பக்கத்துக்குக் கோணம் 2 டிகிரிக்குச் சற்று மேல். அதை எந்தக் கையும் அந்தரத்தில் பிடித்து நிற்காது. ஏற்கெனவே தேய்ந்த முகம் பெல்ட்டில் தானே படியும். அந்த முகத்தில் எங்கே அழுத்துவது என்பதுதான் கையின் வேலை.

முதலில் கோடு. வாய்ப்புறத்தில் மார்க்கர் மை பூசி, கத்தியையும் 2.4 மி.மீ. டிரில் பிட்டையும் கண்ணாடிமேல் படுக்கவைத்து, பிட்டின் முனையால் நெடுகக் கீறுங்கள். புரட்டிப்போட்டு இன்னொரு கீறல். இரண்டுக்கும் நடுவே 0.6 மி.மீ. நிற்கும். தோய்ச்சலுக்கு (கடினமாக்க, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவது) முன் அதற்குக் குறையக் கூடாது. மெலிந்த வாய் எண்ணெயில் இறங்கும்போது நெளியும், சிலசமயம் விரிசலும் விடும்.

பிறகு, வாய் மேலே பார்க்க, சுமார் 45 டிகிரியில் இருபக்க மூலையையும் கோடுவரை எடுத்துவிடுங்கள். பெரும்பாலோர் தாண்டிப்போகும் படி இது. கூர்மூலை புதுப் பெல்ட்டின் மணலைப் பெயர்த்தெறியும். கத்தியும் உட்கார இடமின்றி ஆடும். உங்கள் மேடுபள்ளம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. அந்தச் சிறு முகத்தைப் பெல்ட்டில் படியவைத்து, விரலழுத்தத்தை முதுகுப்பக்கம் துளி நகர்த்துங்கள். சரிவு முதுகை நோக்கி அகலும். வாய்ப்பக்கம் அழுத்தினால் கோட்டைத் தாண்டித் தின்றுவிடும்.

முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க, இடுப்பிலிருந்து உடம்பை நகர்த்துங்கள். கை மட்டும் நகர்ந்தால் தோளைச் சுற்றி வட்டமடிக்கும். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கை வராத வலப்பக்கத்தை முதலில் தேய்த்து, இடப்பக்கத்தை அதற்கு ஒப்பாகக் கொண்டுவாருங்கள். வல்ல கையால் ஒப்பிடுவது சுலபம்.

நுனி மெலியக் காரணம் எளியது. கத்தி பெல்ட்டை விட்டு வெளியேறும்போது படியும் பரப்பு சுருங்குகிறது, அழுத்தமோ அப்படியே இருக்கிறது. நுனி பெல்ட்டின் நடுவுக்கு வந்ததும் அழுத்தத்தை விட்டு, கத்தியை நேராக உங்கள் பக்கம் எடுத்துவிடுங்கள்; ஓரம்வரை இழுக்க வேண்டாம். வளைவு தொடங்கும் இடத்தில் பிடியைச் சற்றுத் தாழ்த்தினால், பெல்ட்டில் படும் வாய் கிடைமட்டமாகவே இருக்கும்.

பிடியருகே சரிவு முடியுமிடத்தில் பெல்ட்டை, அதைப் பின்னாலிருந்து தாங்கும் தட்டின் ஓரத்துக்கு வெளியே 2 மி.மீ. தள்ளி ஓடவிடுங்கள். அங்கே மூலை வட்டமாக விழும். கூரான மூலை தோய்ச்சலில் விரிசலுக்கு வழி.

ஜிக் நேர்ப்பகுதிக்கு உதவும், நுனி வளைவில் கைவிடும். அந்தப் பணத்துக்குப் பெல்ட் வாங்குவேன். மழுங்கிய பெல்ட் வெட்டாது, சூடேற்றும். நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், கோடு போய்விடும். தோய்ச்சலுக்குப் பின் தேய்க்கும்போது வெறுங்கையால் பிடித்து, ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். வாய் நீலம் பாய்ந்தால் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. அங்கே கடினம் போயிற்று, நீலம் மறையும்வரை தேய்த்தாலும் பல சமயம் திரும்பாது.

பழக நல்ல எஃகு வேண்டாம். இரும்புக் கடையில் 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் எம்.எஸ். (சாதாரண மென் எஃகு) பட்டை கேளுங்கள், முழு நீளம் வாங்கித் துண்டுபோட்டுக்கொள்ளலாம். தூசிக்கு முகமூடி கட்டாயம். தோளில் துண்டோடு பெல்ட் அருகே போகாதீர்கள்.