தம்பியின் சம்பளமும் அம்மாவின் கணக்கும்

கேள்வி: என் தம்பி கேமன் தீவுகளில் பதிவான ஒரு சொகுசுப் படகில் எஞ்சின் பகுதியில் வேலை செய்கிறான். மாதச் சம்பளம் 2,500 யூரோ. முதலாளி பல நாடுகளில் பணமோசடி செய்தவர் என்ற சந்தேகத்தில் படகை ஸ்பெயினின் பால்மாவில் தடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. எல்லாம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார் மனேஜர். போன கிழமை அம்மாவின் கணக்குக்கு 18,000 யூரோ வந்தது. பாக்கிச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நெல்லியடியில் ஒருவரிடம் காசாகக் கொடுக்கட்டாம். வங்கியும் விளக்கம் கேட்கிறது. என்ன செய்வது?
– ஒரு அக்கா, வல்வெட்டித்துறை

பதில்: நீங்கள் தம்பியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அம்மாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அந்த 18,000 யூரோவில் ஒரு சதமும் தொடாதீர்கள். தம்பியின் 7,500 யூரோவையும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். எடுத்தால் மனேஜர் கேட்கும் அந்தத் தாள் உண்மையாகிவிடும், மிச்சக் காசுக்கும் நீங்கள் உடந்தை ஆகிவிடுவீர்கள். நம்மூரில் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், காசு வருவதும் போவதும் பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் குற்றத்தில் வந்த காசு என்று அறிந்தவரை மட்டும் பிடிப்பதில்லை. அப்படி நம்பக் காரணம் இருந்தும் அதை வாங்கியவர், வைத்திருந்தவர், கைமாற்றியவர் எல்லோரையும் பிடிக்கும். முதலாளிமேல் சந்தேகம் என்று எனக்கு எழுதிய பிறகு, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் எப்படிச் சொல்லப் போகிறீர்கள்? சிறைத் தண்டனை ஐந்து வருடத்தில் தொடங்கி இருபது வரை போகிறது. தண்டப்பணமோ அந்தக் காசின் பெறுமதியிலிருந்து அதன் மூன்று மடங்கு வரை.

அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று யாராவது சொல்லுவார்கள். அதுவும் காசைக் கைமாற்றுவதுதான், செய்யாதீர்கள்.

வங்கிக்குக் காணி விற்ற காசு என்றெல்லாம் கதை சொல்லப் போக வேண்டாம். நடந்ததை நடந்தபடி ஒரு கடிதமாக எழுதி, தம்பியின் வேலை ஒப்பந்தப் பிரதியையும் மனேஜரின் வட்ஸ்அப் செய்திகளின் அச்சுப் பிரதியையும் இணைத்து, உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவரோடு போய்க் கொடுங்கள். இன்னொரு பிரதியில் வங்கியின் முத்திரையும் திகதியும் வாங்கி வைத்திருங்கள். கணக்கு அம்மாவின் பெயரில் இருப்பதால் கையெழுத்தும் அம்மாவுடையதாகவே இருக்க வேண்டும். வங்கி முகாமையாளர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபிக்காதீர்கள். சந்தேகத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்களை மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிப்பது வங்கியின் கடமை. அறிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்ல அவருக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. கணக்கு முடக்கப்படவும் கூடும். பொலிஸ் முடக்கினால் முதல் ஏழு நாட்களுக்கு. அதற்குப் பிறகும் நீடிக்க மேல் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும்.

சரி, தம்பியின் அலுவலுக்கு வருவோம். படகு பிடிபட்டதால் சம்பளம் போய்விடாது. மாலுமியின் சம்பளம் கப்பலின் மேலேயே நிற்கிற கடன். முதலாளி ஓடி ஒளிந்தாலும் படகு அங்கேதான் நிற்கிறது. மலேசிய அரசின் முதலீட்டு நிதியமான 1எம்டிபியில் நடந்த மோசடியில் சிக்கிய ஈக்குவானிமிட்டி படகு 2018இல் பாலியில் பிடிபட்டு, 2019இல் 12 கோடி 60 லட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. இப்படி நீதிமன்றம் ஒரு படகை விற்கும்போது மாலுமிகளின் சம்பளம் அடமானக் கடனுக்கும் முன்னால் நிற்பதுதான் கடற்சட்டத்தின் பொது வழக்கம். ஆனால் கோருகிறவருக்குத்தான் கிடைக்கும். யாழ்ப்பாண நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுப் பயனில்லை, படகு நிற்கிற ஸ்பெயினில்தான் போட வேண்டும்.

அந்தப் படகை வாடகைக்கும் விட்டார்களா என்று தம்பியிடம் கேளுங்கள். விட்டிருந்தால் 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் கைகொடுக்கும். இரண்டு மாதமாவது சம்பளம் கொடுக்காமல் விட்டால் மாலுமியைக் கைவிட்டதாகவே அது கருதும். அப்போது நாலு மாதம் வரையான பாக்கியும் ஊர் திரும்பும் செலவும் காப்புறுதியிலிருந்து வர வேண்டும். முதலாளியின் சொந்தப் பாவனைக்கு மட்டும் என்றால் சமவாயம் பொருந்தாது, சம்பள வழக்கு மட்டுமே மிஞ்சும். எதுவானாலும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் பரிசோதகரைத் தம்பி உடனே தொடர்புகொள்ளட்டும்.

அந்தத் தாளில் கையெழுத்து வைக்கவே கூடாது. போனிலிருந்து ஒரு செய்தியும் அழிக்கக் கூடாது. இப்படியான வழக்குகளில் மாலுமிகள் பெரும்பாலும் சாட்சிகள்தான். செய்திகளை அழித்தால் சந்தேகநபர் ஆகலாம். விசாரணைக்குக் கூப்பிட்டால், ஸ்பெயினுக்கும் பொறுப்பாக பாரிஸில் உள்ள நமது தூதரகத்துக்கு அறிவித்துவிட்டு, சட்டத்தரணியும் மொழிபெயர்ப்பாளரும் வந்த பிறகு பேசட்டும்.

நெல்லியடிக்காரர் வீட்டுக்கு வந்தால் நாளைக்கு வாங்கோ என்று சொல்லி அனுப்பாதீர்கள். காசு வங்கியில் நிற்கிறது, சட்டத்தரணி பார்க்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். குரலை உயர்த்தினாரென்றால் அன்றைக்கே வல்வெட்டித்துறைப் பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, அதன் இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.