எகிப்து, மெசபடோமியா: ‘ஒப்பீடு இல்லை’ என்று கட்டுரை திரும்பி வந்தால்

எகிப்து, மெசபடோமியா (இன்றைய ஈராக் பகுதி) என்ற இரண்டு பழைய நாகரிகங்களை ஒப்பிட்டு நீங்கள் எழுதிய கட்டுரையை ஆசிரியர் இப்படித் திருப்பினால், பெரும்பாலும் நாடு வாரியாகப் பிரித்ததுதான் சிக்கல். எகிப்துக்கு ஒரு பக்கம், மெசபடோமியாவுக்கு ஒரு பக்கம் என்று எழுதினால் அது இரண்டு குறிப்புகள்தான், ஒப்பீடு ஆகாது. கேள்வி வாரியாகப் பிரியுங்கள். மூன்று கேள்வி போதும்.

உதாரணம்: ‘செத்த பிறகு ஒருவன் நிலையை எது தீர்மானிக்கிறது?’ எகிப்தில் இதயத்தை ஒரு தட்டிலும் உண்மை, நீதியின் தெய்வமான மாஅத்தின் இறகை மறுதட்டிலும் வைத்து நிறுப்பார்கள். தேறாத இதயத்தை அம்மித் என்ற அரக்க விலங்கு விழுங்கிவிடும். மெசபடோமியாவின் கில்கமெஷ் காவியத்தில், நாயகன் கில்கமெஷின் நண்பன் என்கிடு கனவில் காணும் பாதாளத்தில் தராசே இல்லை. இருட்டு, புழுதிதான் உணவு, அரசர்களின் கிரீடங்கள்கூடக் குவிந்து கிடக்கின்றன. இரண்டும் ஒரே பத்தியில் வரவேண்டும்.

எழுதியதும் ஒரு சோதனை: பத்தியில் எகிப்து வரிகளை விரலால் மறையுங்கள். மிச்சம் தானாகவே முழுசாக நின்றால், அங்கே ஒப்பீடு நடக்கவில்லை.

காலத்தைக் கலக்காதீர்கள், பலர் வழுக்கும் இடம் இதுதான். கிசா பெரிய பிரமிடு ஏறத்தாழ கி.மு. 2560. தராசுக் காட்சி வரும் ‘இறந்தோர் நூல்’ சுருள்கள் (இறந்தவருடன் புதைத்த மந்திரத் தொகுப்பு) அதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டு பிந்தியவை. அந்தப் பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனைத் தராசின் முன் நிறுத்தினால் மதிப்பெண் போய்விடும்.

‘மெசபடோமியாவில் எல்லாருக்கும் ஒரே கதி’ என்றும் முடிக்க வேண்டாம். பாதாளம் பற்றிய சுமேரியக் (தென் மெசபடோமியக்) கவிதை ஒன்றில், பிள்ளைகள் அதிகமுள்ளவனுக்கு அங்கே நிலைமை தேவலை.