கொழுப்பு மாத்திரை போட்டால் ஞாபக மறதி வருமா?

ஸ்டாட்டின் என்பது ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை வகை. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று மருந்துச் சீட்டில் இருப்பது இதுதான். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை இது மட்டுப்படுத்தும்.

மூளைக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும், அதனால்தான் இந்தப் பயம். ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் போவதே இல்லை எனலாம். தனக்கு வேண்டியதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. நம் தஞ்சாவூர்ப் பக்கம் பாருங்கள். மேட்டூரை அடைத்ததும் வாய்க்கால் வற்றி, அடிமண்ணில் வெடிப்பு விழும். பக்கத்திலேயே பம்புசெட் வைத்திருப்பவர் வயல் மட்டும் பச்சையாக நிற்கும். மூளை அந்தப் பம்புசெட் வயல்.

சரி, புகாரே இல்லையா? உண்டு. சிலருக்கு மறதியும் குழப்பமும் வந்ததாகத் தகவல் சேர்ந்ததால், 2012-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்துக் குறிப்பில் அதைச் சேர்க்க வைத்தது. பெரும்பாலும் லேசானவை, மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிட்டன. 70 முதல் 82 வயதுள்ள 5,804 பேரிடம் நடந்த பிராவாஸ்டாட்டின் ஆய்விலோ, வெற்று மாத்திரை போட்டவர்களோடு ஒப்பிட நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. மறதி என்றால் பி12 குறைவு, தைராய்டு, தூக்கமின்மை இவற்றின் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.

மறதி தெரிந்தால் மாத்திரையை நாமே நிறுத்திவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ மருத்துவர் பார்ப்பார்.